கூலியில்லாமல் வீட்டில் பராமரிப்பவர்களுக்காக: மதுரை மாவட்டத்தில் கோரிக்கையை எழுப்பி நகர்த்தும் முறை

பக்கவாதத்தில் படுத்த மாமியாரைப் புரட்டிவிடும் மருமகள், பெருமூளை வாதம் உள்ள வளர்ந்த மகனைத் தூக்கிக் குளிப்பாட்டும் அம்மா, மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் தம்பியைப் பல வருடமாகக் கூடவே வைத்திருக்கும் அக்கா. இவர்களால் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. இவர்களுக்காக நடக்கும் முயற்சிகள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்குகின்றன. கூட்டம், ஊர்வலம், தர்ணா என்று போனால் பராமரிப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் வருவார்கள். அதனால் வேலையைத் தலைகீழாகத் திட்டமிட வேண்டும். வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை முதலில். ஒருவர் மட்டும் வெளியே போனால் போதும் என்பவை அடுத்து. பலர் கூட வேண்டியவை கடைசியாக, வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும்.

ஆட்களைக் கண்டுபிடிப்பது

‘நீங்கள் பராமரிப்பாளரா?’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அம்மாவைப் பார்ப்பது கடமை, இதற்கு ஒரு பெயர் எதற்கு என்பதுதான் பதிலாக இருக்கும். ‘உங்க வீட்ல ராத்திரி எந்திரிச்சுப் பாக்க வேண்டிய ஆள் யாரும் இருக்காங்களா? யார் எந்திரிக்கிறது?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் இருப்பவரே நீங்கள் தேடும் ஆள். சில வீடுகளில் அது பள்ளிக்கூடத்தை நிறுத்திய பெண் பிள்ளையாக இருக்கும். அந்தப் பெயரைத் தனியாகக் குறியுங்கள். அங்கே உதவித்தொகைக்கு முன்னால் பிள்ளை பள்ளிக்குத் திரும்ப வழி செய்ய வேண்டும்.

தேடும் இடங்கள் நாலைந்துதான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலருக்கு அவர் பகுதியில் படுக்கையில் இருப்போர் யார் என்று தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. சிறப்புப் பள்ளி வாசலில் மதியம் காத்திருக்கும் அம்மாக்கள், பெரியவர்களுக்கான டயப்பர் விற்கும் மருந்துக்கடை, மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர், ராஜாஜி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் துணையாட்கள் ஆகியோரிடமும் கேட்கலாம். கடைக்காரரிடமும் தன்னார்வலரிடமும் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள், அவர்கள் கொடுக்கவும் கூடாது. உங்கள் எண் எழுதிய சீட்டை வைத்துவிட்டு வாருங்கள். விருப்பமுள்ளவர் கூப்பிடுவார்.

ஒரு ஒன்றியத்தில் முப்பது நாற்பது வீடு கிடைத்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். மாவட்டத்தின் பதின்மூன்று ஒன்றியங்களையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டாம். கள்ளிக்குடியிலோ கொட்டாம்பட்டியிலோ ஒழுங்காக எடுத்த நாற்பது வீட்டுக் கணக்குக்கு இருக்கும் எடை, மாவட்டம் முழுக்க அரைகுறையாக வாங்கிய நானூறு கையெழுத்துக்குக் கிடையாது.

14 நாள் குறிப்பேடு

இயக்கத்தின் அடித்தளம் இதுதான். அதிகாரி, சட்டமன்ற உறுப்பினர், நிருபர் ஆகிய மூவரும் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு’ என்பதே. கஷ்டம் என்ற சொல்லை வைத்து ஒரு கோப்பும் நகராது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: காலை 6 முதல் 12, 12 முதல் 6, மாலை 6 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6. ஒவ்வொன்றிலும் என்ன செய்தார், எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். எழுதப் படிக்க வராதவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும், குழுவில் ஒருவர் எழுதிக்கொள்ளலாம். நாள் முடிவில் மூன்று எண்களை மட்டும் தனியே எடுங்கள்: இரவில் எத்தனை முறை எழுந்தார், கைக்காசு எவ்வளவு போனது, அன்று போக முடியாமல் போன கூலி வேலை உண்டா.

இரவுக் கட்டத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். அப்படியானால் ஒரு நாளில் 12 முறை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை மட்டும் 4 முறை. கூடவே யூரின் பை காலி செய்வது, வலிப்பு வந்தால் பிடித்துக்கொள்வது எல்லாம் சேரும். குறிப்பேட்டில் இது இல்லாவிட்டால், ‘பகலில் கொஞ்சம் கூடமாட இருக்கிறார்கள்’ என்ற எண்ணமே அலுவலகத்தில் நிற்கும்.

கைக்காசுக்கு ரசீது வேண்டும். டயப்பர், பஞ்சு, கையுறை, டியூப், ஆட்டோ வாடகை எல்லாவற்றுக்கும் கிடைக்கும் பில்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள். பில் இல்லாத செலவைத் தனி நிரலில் எழுதுங்கள். இரண்டையும் கலந்தால், யாராவது ஒரு தொகையைக் கேள்வி கேட்கும்போது மொத்தக் கணக்கும் நம்பிக்கை இழக்கும்.

உங்கள் கணக்கின் பக்கத்தில் நாட்டின் கணக்கை வையுங்கள். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார்கள், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். குழந்தை வளர்ப்பும் சேர்ந்த கணக்கு இது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மறைத்துச் சொல்லிப் பிடிபட்டால் கோரிக்கைக்கே கேடு.

சட்டத்தில் ஏற்கெனவே இருப்பது

இல்லாத உரிமையைப் புதிதாகக் கேட்பதைவிட, எழுதி வைத்த உரிமையை நடைமுறைப்படுத்தச் சொல்வது எளிது. இந்த நான்கையும் குழுவில் இரண்டு பேராவது பிரிவு எண்ணோடு அறிந்திருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பெற்றோர் உள்ளிட்ட குடும்பத்தினர் ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரித்தாலும் அவர் ‘பராமரிப்பாளர்’ என்று பிரிவு 2 சொல்கிறது. சமூகப் பாதுகாப்பு பற்றிய பிரிவு 24, அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. பிரிவு 38 இன்னும் பயனுள்ளது. அதிக ஆதரவு தேவை என்று கருதும் மாற்றுத்திறனாளியோ, அவர் சார்பில் வேறு ஒருவரோ அமைப்போ விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் பார்த்து என்ன ஆதரவு தேவை என்று அறிக்கை தர வேண்டும். அன்றாட வேலைகளில் எவ்வளவு உதவி தேவை என்பதே அங்கே மையக் கேள்வி. உங்கள் 14 நாள் குறிப்பேடு அப்போது நேரடிச் சான்றாகும்.

மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017. இதுவும் கூலியில்லாமல் கூட இருந்து பார்ப்பவரைப் பராமரிப்பாளர் என்று ஏற்கிறது. மனநோய் உள்ளவர் தனக்கான நியமனப் பிரதிநிதியை, அதாவது சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணை நிற்பவரை, எழுத்தில் குறிக்க பிரிவு 14 வழி செய்கிறது. அக்காவோ அம்மாவோ அந்தத் தாளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் மருத்துவமனையில் ‘நீங்கள் யார்’ என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. பதினெட்டு வயது கடந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம், மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழு வழியாக நடக்கிறது. ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடும் இதன் கீழ்தான், வரம்பு 1 லட்சம் ரூபாய்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. நான்கு பிள்ளைகளில் ஒரு மகள் மட்டும் பார்க்கும் வீடுகளுக்கு இது உதவும். அம்மா தானாகவோ, முடியாத நிலையில் அவர் அனுமதி பெற்றவர் வழியாகவோ, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மற்றப் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று மாவட்டத்தில் நான்கு கோட்டங்கள் உள்ளன. மாதத்துக்கு 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். குடும்பத்துக்குள் கசப்பு வரும் என்பதால் பலர் தயங்குவார்கள். அந்த முடிவை அந்த வீட்டுக்கே விடுங்கள், இயக்கம் தள்ளக் கூடாது.

மூன்று கோரிக்கை, மூன்று மட்டும்

பன்னிரண்டு அம்சக் கோரிக்கை என்று அச்சடித்தால் பன்னிரண்டாவதில் இருக்கும் எளிதான ஒன்றைச் செய்துவிட்டு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று மாவட்ட ஆட்சியரே சென்னையைக் கேட்காமல் செய்யக் கூடியதாக இருக்கட்டும். இரண்டாவது துறை ஆணையரோ செயலரோ சுற்றறிக்கையில் முடிக்கக் கூடியது. மூன்றாவதற்கு நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்க வேண்டும்.

முதல் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு: படுக்கையில் இருப்போருக்கு மாற்றுத்திறனாளி சான்றுக்கான மருத்துவப் பரிசோதனையையும், ஆண்டுதோறும் கேட்கும் உயிர்வாழ் சரிபார்ப்பையும் வீட்டுக்கே வந்து செய்ய மாதத்தில் ஒரு நாள், ஒன்றியம் வாரியாகத் தேதி அறிவிப்பது. இரண்டாவது வகைக்கு: அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில், படுக்கையில் இருப்பவருக்கான மருந்தைப் பராமரிப்பவர் தனியே வந்து வாங்கிக்கொள்ள ஓர் அட்டை. மத்திய அரசு ஊழியர்களில் மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு வழக்கமான இடமாறுதலிலிருந்து விலக்கு தரும் ஆணைகள் 2014லும் 2018லும் வந்தன. பராமரிப்பவர் என்பதை ஓர் அரசு அலுவலகம் ஏற்றுக்கொண்டதற்கு அவற்றை முன்னுதாரணமாகக் காட்டலாம்.

மூன்றாவது, பணம் வேண்டியது. எங்கள் கணிப்பில் தொகையை உயர்த்தக் கேட்பதைவிட ஓய்வுப் பராமரிப்பை, அதாவது பார்ப்பவர் இளைப்பாற வேறு ஆட்கள் சில மணி நேரம் பார்த்துக்கொள்வதை, முன்னால் வைப்பது நல்லது. கோட்டத்துக்கு ஒரு பகல் பராமரிப்பு இல்லம், பத்து இடம், காலை 9 முதல் மாலை 5 வரை, ஒரு வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள், கூட்டி வந்து கொண்டுவிட வண்டி. இப்படி எண்ணோடு கேளுங்கள். வாரம் ஐந்து நாள் நடந்தால் பத்து இடத்தில் 25 குடும்பம் பயன்பெறும், நான்கு கோட்டத்தில் 100 குடும்பம். கணக்கு சிறியதாக இருப்பதால் ‘முன்மாதிரித் திட்டம்’ என்று தொடங்க அதிகாரிக்கும் வசதி. ‘இதெல்லாம் எதற்கு, குடும்பம் பார்த்துக்கொள்ளாதா’ என்று கேட்பவருக்கு ஏர்வாடியை நினைவூட்டுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். பக்கத்தில் ஒரு நாள் கூட இளைப்பாற இடமில்லாத குடும்பம் கடைசியில் கொண்டுபோய் விடுவது அதுபோன்ற இடத்தில்தான்.

தொகை பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்றால் ஒப்பீட்டோடு கேளுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். ஆறு நாள் கூலி 2,016. மாதம் முழுக்க இரவும் பகலும் பார்ப்பதற்கு ஆறு நாள் கூலி கூட நிறையவில்லை. துண்டறிக்கைக்கு இந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த 2,000 பராமரிப்பவரின் கூலி அல்ல, மாற்றுத்திறனாளிக்கு உரியது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் பராமரிப்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. தொகை சிறிதுதான், ஆனால் யாருக்கு என்ற கேள்விக்கு அங்கே தெளிவான பதில் இருக்கிறது. நம் மாநிலத்திலும் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, பெண்களின் கூலியில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று சொல்லித்தான் வந்தது. கொள்கையை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. அதைப் பராமரிப்புக்கும் நீட்டச் சொல்கிறோம் என்று வாதிடுங்கள்.

மனு

தனிப்பட்ட குறைக்குத் தனி மனு. கொள்கைக் கோரிக்கைக்குக் கூட்டு மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் தனிக் குறை மட்டும் தாசில்தாருக்குப் போகும், கோரிக்கை அங்கேயே தொலையும். உதவித்தொகை நிலுவையில் உள்ள முப்பது பேர் இருந்தால் முப்பது மனுவை ஒரே திங்கட்கிழமை கொடுங்கள். முப்பது எண் விழும், முப்பதுக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டிவரும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒருவர் பல வீட்டு மனுக்களை எடுத்துப் போகலாம். ஒவ்வொன்றிலும் ‘என்னால் வர இயலாததால் இவரிடம் மனு கொடுத்து அனுப்பியுள்ளேன்’ என்ற வரியும் கையெழுத்தும் இருக்கட்டும். பதிவு செய்த சீட்டை வாங்காமல் திரும்பக் கூடாது. அன்றிரவே எண்ணைக் குறித்துப் படமெடுத்து வையுங்கள், அச்சு சில வாரத்தில் மங்கிவிடும். போக ஆளே இல்லாத வீட்டுக்கு 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண் இருக்கிறது, அங்கேயும் மனு எண் கிடைக்கும்.

கூட்டு மனுவின் வடிவம் இது:

அனுப்புநர்: குழுவின் பெயர், ஒருவரது பெயர், முகவரி, கைபேசி எண்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மதுரை. நகல்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்.
பொருள்: படுக்கையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டிலேயே மருத்துவச் சான்றுப் பரிசோதனை நடத்தக் கோருதல் தொடர்பாக.
பார்வை: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 24, 38.
ஐயா / அம்மா, எங்கள் ஒன்றியத்தில் 38 குடும்பங்களில் 14 நாள் எடுத்த கணக்கின்படி இத்தனை பேர் எழுந்து உட்கார இயலாதவர்கள். இவர்களில் இத்தனை பேருக்குச் சான்று இல்லை. மருத்துவமனைக்கு அழைத்துவர ஒரு முறைக்கு ஆகும் சராசரி வண்டிச் செலவு இவ்வளவு. ஆகவே மாதத்தில் ஒரு நாளை ஒன்றியம் வாரியாக அறிவித்து வீட்டிலேயே பரிசோதனை நடத்த உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: சுருக்க அட்டவணை, 1 பக்கம்.

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கையெழுத்துப் பட்டியல் தனித் தாளில் இருக்கட்டும். நோயின் பெயரை அதில் எழுதாதீர்கள். பராமரிக்கப்படுபவர் கையெழுத்திடவோ தலையசைக்கவோ முடிந்தவராக இருந்தால் அவரது சம்மதத்தையும் வாங்குங்கள். அவர் வாழ்க்கையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

மனுவைத் தபாலில் அனுப்பினால் விரைவுத் தபாலில் பதிவு வசதி கேட்டு, சேர்ந்ததற்கான சான்றும் வாங்குங்கள். பழைய பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. மனு எழுதித் தருகிறேன், முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆட்கள் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி இருப்பார்கள். ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம் என்று குழுவில் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பதில் வந்த பிறகுதான் வேலை

மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்பது பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015ஆம் ஆண்டு அரசாணை எண் 99. வரும் பதில் பெரும்பாலும் ‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பரிசீலிக்கப்படும்’ என்பதாகத்தான் இருக்கும். பலர் இங்கே சோர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் இந்தப் பதில் உங்களுக்கு ஒரு கதவைத் திறக்கிறது. ஒதுக்கீடு கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்களா, எப்போது எழுதினார்கள் என்று கேட்கலாம்.

அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணமில்லை, சான்று இணைத்தால் போதும். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்டால் ‘விளக்கம் தகவலாகாது’ என்று திருப்பிவிடுவார்கள். ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்: மாவட்டத்தில் பராமரிப்பு உதவித்தொகை பெறுவோர் எண்ணிக்கை, வகை வாரியாக, விண்ணப்பித்துக் காத்திருப்போர் எண்ணிக்கை, பதிவு மூப்பு வாரியாக, அதிக ஆதரவு தேவைப்படுவோரின் பராமரிப்பாளர் படிக்கான அரசாணையின் நகல், அதன் கீழ் இந்த மாவட்டத்தில் பயன்பெறுவோர் எண்ணிக்கை, பிரிவு 38இன் கீழ் வந்த விண்ணப்பங்கள், மதிப்பீட்டு வாரியம் கூடிய தேதிகள், ஒதுக்கீடு கோரி ஆணையருக்கு எழுதிய கடிதங்களின் நகல். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இதில் ‘பெற்ற விண்ணப்பம்: இல்லை’ என்று ஒரு வரி வந்தால் அதிகாரியைக் குறை சொல்ல முடியாது, நாம்தான் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த திங்களே பத்து விண்ணப்பம் போடுங்கள்.

நாட்காட்டியோடு ஓடுவது

சரியான கோரிக்கை தவறான மாதத்தில் போனால் வீண். துறைகள் அடுத்த ஆண்டுக்கான செலவு முன்மொழிவை நிதிநிலை அறிக்கைக்குச் சில மாதம் முன்பே தயாரிக்கத் தொடங்கிவிடும். அறிக்கை வெளியான பிறகு சட்டமன்ற உறுப்பினரிடம் போய்ப் பணம் கேட்டால் அவரால் பேச மட்டுமே முடியும். அதனால் குறிப்பேட்டை ஆகஸ்டில் எடுங்கள், செப்டம்பரில் அட்டவணை ஆக்குங்கள்.

அதன் பிறகு தேதிகள் தாமாக வரிசையில் நிற்கின்றன. அக்டோபர் 2 கிராம சபை. அக்டோபர் 29, ஐ.நா. அறிவித்த பன்னாட்டுப் பராமரிப்பு மற்றும் ஆதரவு நாள். நவம்பர் 1 மீண்டும் கிராம சபை. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள், அறிவிப்புகள் வெளியாகும் நாள். கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே தீர்மான வாசகத்தை ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது பதிவேட்டில் ஏறாது. ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே வாசகம் பத்து ஊராட்சியில் நிறைவேறினால் பத்து நகலையும் இணைத்துச் சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். மாவட்டத்தில் பத்துத் தொகுதி. ஒவ்வொருவருக்கும் அவர் தொகுதியின் எண்ணை மட்டும் கொடுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தம் 2025இல் வந்திருக்கிறது. உங்கள் பகுதியில் நியமனம் ஆகியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு இந்த மாதங்களில் ஓர் எளிய வேலை கொடுக்கலாம். 50 காசு அஞ்சலட்டையில் ஆளுக்கு நான்கு வரி: நான் யாரைப் பார்க்கிறேன், இரவில் எத்தனை முறை எழுகிறேன், எனக்கு வேண்டியது வாரத்தில் எத்தனை மணி நேர ஓய்வு, என் ஊர். துறைச் செயலருக்கு ஒரே வாரத்தில் போய்ச் சேரட்டும். ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பினால் கட்டாக ஒதுக்கிவிடுவார்கள், அவரவர் கையெழுத்தில், அவரவர் எண்ணோடு வர வேண்டும்.

இப்படித் தொடங்கியதற்கு முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனில் பெற்றோரைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட மேரி வெப்ஸ்டர் 1963இல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். வீட்டுக்குள் இருந்த பெண்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1965இல் அமைப்பு உருவானது, 1976இல் பராமரிப்பவருக்கான அரசுப் படி வந்தது. ஆனால் திருமணமான பெண் எப்படியும் வீட்டில்தான் இருப்பாள் என்று சொல்லி அவர்களை விலக்கிவிட்டார்கள். அந்த விலக்கை நீக்க ஜாக்குலின் டிரேக் என்பவர் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 1986இல்தான் நீங்கியது. நம் ஊரில் மருமகளைப் பற்றி இதே வாதம் வரும். வரைவு அரசாணையில் ‘குடும்பத்தில் வேலைக்குச் செல்லாத பெண் உறுப்பினர் இருப்பின் பொருந்தாது’ போன்ற வரி நுழைகிறதா என்று முதலிலிருந்தே கண்வைத்திருங்கள்.

பேசும் விதம்

‘சுமை’, ‘பாரம்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் அதைக் கேட்கிறார். மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் உங்களை எதிர்ப்பதும் அந்த ஒரு சொல்லால்தான் நடக்கும், அவர்கள் கோபம் நியாயமானது. ‘அவருக்கு நல்ல பராமரிப்பு கிடைக்க, பார்ப்பவருக்கு ஓய்வும் வருமானமும் வேண்டும்’ என்று இருவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தியாகத் தாய் என்ற புகழும் ஆபத்துதான். நிருபர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள்; கண்ணீரோடு ஒரு படம் வரும், யாரோ ஒருவர் அந்த வீட்டுக்கு மட்டும் சக்கர நாற்காலி வாங்கித் தருவார், கோரிக்கை அங்கே முடிந்துவிடும். நிருபரிடம் முதலில் அட்டவணையைக் கொடுங்கள், பிறகு பேச விருப்பமுள்ள ஒருவரைக் காட்டுங்கள். படுக்கையில் இருப்பவரின் உடல் தெரியும் படத்துக்கு யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

ஆள் மாற்று

கூட வேண்டிய நாளுக்கு, வருபவர் ஒவ்வொருவருக்கும் வீட்டில் யார் இருப்பார் என்பதை முன்பே எழுதி வையுங்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு ஆள் என்ற கணக்கு சரிப்படாது, ஒரு வீட்டுக்கு ஒருவர் வேண்டும். வரும் மாற்றாள் முந்தைய வாரமே ஒரு முறை வந்து பழக வேண்டும்: மருந்து நேரம், எப்படித் திருப்புவது, எதைக் கண்டால் பயப்படுவார், அவசரத்துக்கு 108. அறிமுகமில்லாதவரை அன்றைக்குக் காலையில் விட்டுப் போனால் பராமரிப்பவர் அரை மணிக்கொரு முறை போன் செய்துகொண்டே இருப்பார், மதியத்துக்குள் திரும்பிவிடுவார். பயணத்தையும் கணக்கில் எடுங்கள். பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஆட்சியர் அலுவலகம் வந்து திரும்ப அரை நாள் போய்விடும். மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் வரலாம்.

ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி மாநகருக்குள் என்றால் காவல் ஆணையரிடம், வெளியே என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வழியில். ஒரு வாரமாவது முன்னால் மனு கொடுங்கள். நேரம், எண்ணிக்கை, சக்கர நாற்காலிகள், ஒலிபெருக்கி எல்லாம் அதில் இருக்கட்டும். சித்திரைத் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், சாலையும் கிடைக்காது, காவலரும் கிடைக்க மாட்டார்கள்.

பொறுப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வையுங்கள். பராமரிப்பவருக்கு எந்த நாளும் மருத்துவமனை நாளாகலாம். மனு எண்களும் அசல் நகல்களும் ஒருவர் வீட்டு அலமாரியில் மட்டும் இருந்தால் அன்றோடு எல்லாம் நின்றுவிடும். பராமரிக்கப்பட்டவர் இறந்துபோனால் பார்த்தவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். சில மாதம் கழித்து, அவர் விரும்பினால், அழைத்துப் பாருங்கள். அவருக்கு இப்போது நேரமும் இருக்கும், இந்த வேலையில் அவரளவு தெரிந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

நீதிமன்றத்துக்குப் போவதென்றால்

அது கடைசி வழி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போடும்போது முதல் கேள்வி, அரசிடம் கேட்டீர்களா, அதற்கு ஆதாரம் உண்டா என்பதே. கொடுத்த மனுவைக் குறிப்பிட்ட வாரத்துக்குள் பரிசீலிக்கச் சொல்லும் உத்தரவு பல வழக்குகளில் வருவது வழக்கம். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம், காலக்கெடு கிடைத்திருக்கிறது. மனுச் சீட்டு, தபால் சான்று, தகவல் உரிமைப் பதில் மூன்றும் தேதி வரிசையில் கோத்திருந்தால் வழக்கறிஞரின் வேலை பாதி முடிந்தது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

ஆணை கையில் கிடைத்த பின்

அரசாணையோ ஆட்சியரின் செயல்முறை ஆணையோ கிடைத்தால் மூன்று இடங்களை உடனே படியுங்கள்: யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து, எந்தக் கணக்குத் தலைப்பில் பணம். கணக்குத் தலைப்பு என்பது அரசுக் கணக்கில் எந்த இனத்திலிருந்து பணம் வரும் என்ற குறிப்பு. அது இல்லாத ஆணை அறிவிப்பாகவே நின்றுவிடும். மாதம் ஒரு நாள் வீட்டுப் பரிசோதனை என்று ஆணை வந்திருந்தால், முதல் தேதிக்குப் பத்து நாள் முன்பே வட்டார மருத்துவ அலுவலரிடம் எந்த ஊர், எத்தனை வீடு, வழி எது என்று பட்டியல் கொடுங்கள். வண்டி வந்து விலாசம் தெரியாமல் திரும்பினால் ‘பயனாளிகள் இல்லை’ என்று அறிக்கை போய்விடும். மூன்று மாதம் தொடர்ந்து, யார் வந்தார், எத்தனை வீடு பார்த்தார், எத்தனை சான்று கிடைத்தது என்று பழைய நோட்டிலேயே அடுத்த பக்கத்தில் குறித்துவாருங்கள். நான்காவது மாதம் அந்த எண்களை இணைத்து, அடுத்த ஒன்றியத்துக்கும் நீட்டக் கோரி அதே ஆட்சியருக்குப் புதிய மனு கொடுங்கள்.